தமிழ்ப் பாடசாலைத் தொண்டர்களுக்கு டி.பி.எஸ். சோதனை: மூத்த ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது?

குகன் (மேற்கு லண்டன்)

அனைவருக்கும் வணக்கம். வார இறுதியில் நடக்கும் ஒரு தமிழ்ப் பாடசாலையின் செயலாளராக இந்த ஆண்டு தெரிவாகியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் 110 பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ், சங்கீதம், பரதநாட்டியம், மிருதங்கம் ஆகியவற்றை 19 பேர் கற்பிக்கிறார்கள். கடந்த ஆண்டிலிருந்து அதே மண்டபத்தின் பின்னறையில் முதியோர் ஒன்றுகூடலும் நடக்கிறது. கோப்புகளைப் பொறுப்பேற்றபோது, 19 ஆசிரியர்களில் 7 பேரிடம் மட்டுமே டி.பி.எஸ். சான்றிதழ் (ஒருவருக்குக் குற்றப் பதிவு உண்டா என்று அரசு அமைப்பு சரிபார்த்து வழங்குவது) இருப்பதைக் கண்டேன். அந்த ஏழிலும் இரண்டு, முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பதற்காக எடுக்கப்பட்டவை.

இதை நிர்வாகக் கூட்டத்தில் சொன்னபோது, பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து கற்பித்து வரும் மூத்த ஆசிரியர் ஒருவர், "இருபத்திரண்டு வருடம் இந்தப் பிள்ளைகளோடு இருந்தவன் நான். இப்ப பொலிஸிடம் போய் என்னைப் பற்றி விசாரிக்கப் போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்குத் தமிழ் இலக்கணம் கற்பித்தவரும் அவர்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும், பிள்ளைகளை எங்களை நம்பி விட்டுப்போகும் பெற்றோரிடம் "எல்லோரையும் எங்களுக்குத் தெரியும்" என்பதை மட்டும் பதிலாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

எனக்குச் சில தெளிவுகள் தேவை. எட்டு மாதங்களுக்கு முன் இலங்கையிலிருந்து வந்த நடன ஆசிரியைக்கு இங்கே சோதனை எடுத்தால் அதில் என்ன தெரியவரும்? முறை வைத்துத் தேநீர் போடவும் வாசலில் நிற்கவும் வரும் பெற்றோருக்கும் இது வேண்டுமா? முதியவர்களைக் காரில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தொண்டர்களின் நிலை என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, மனம் நொந்து போன அந்த ஆசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிர்மலா (குரோய்டன்)

அன்புள்ள குகன், நான் மதுரையிலிருந்து செவிலியராக வந்து, பின்னர் பதினோரு ஆண்டுகள் பராமரிப்பு இல்லங்களில் ஆள் சேர்ப்புப் பிரிவில் இருந்தவள். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் அமைப்பும் விதிகளும் வேறு.

முதலில் ஆசிரியர்கள். வாரம் ஒரு முறையோ அதற்கு மேலோ, தன்னை அருகிலிருந்து மேற்பார்வை செய்ய ஒருவர் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர், சட்டம் தனியாக வகைப்படுத்தியிருக்கும் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பணியைச் செய்கிறார். பிள்ளைகளோடு இத்தகைய பணியைச் செய்யக் கூடாதென்று தடுக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. அந்தத் தடைப் பட்டியலில் உள்ள ஒருவர் இந்தப் பணியைச் செய்வது குற்றம். தெரிந்தே அவரை அமர்த்துவதும் குற்றம். எனவே உங்கள் 19 பேருக்கும் தேவையானது, தடைப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கும் என்ஹான்ஸ்ட் (விரிவான) சோதனை. அதில் தண்டனைகளும் காவல்துறை எச்சரிக்கைகளும் மட்டுமல்லாமல், அந்தப் பணிக்குத் தொடர்புடையது என்று காவல்துறை நியாயமாகக் கருதும் பிற தகவல்களும் இடம்பெறலாம். முதியோர் இல்லத்துக்காக எடுக்கப்பட்ட அந்த இரண்டு சான்றிதழ்களை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கான பணி என்று விண்ணப்பித்திருந்தால், பிள்ளைகளுக்கான தடைப் பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பாடசாலை நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஆண்டுக்குக் குறைந்தது 100 விண்ணப்பங்கள் அனுப்பும் நிறுவனங்களே டி.பி.எஸ்.ஸிடம் பதிவு செய்துகொள்ளலாம். மற்றவர்கள் குடை அமைப்பு எனப்படும் இடைநிலை நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். தொண்டர்களுக்கு அரசுக் கட்டணம் கிடையாது, குடை அமைப்பின் சிறு சேவைக் கட்டணம் மட்டும் இருக்கலாம். ஆனால் இங்கே ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். பயணச் செலவும் கையிலிருந்து போட்ட செலவும் தவிர வேறு எந்தத் தொகை பெற்றாலும் அவர் தொண்டர் அல்லர். நம் பாடசாலைகளில் மிருதங்க ஆசிரியருக்கோ நடன ஆசிரியைக்கோ மாதம் ஒரு தொகையை உறையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். அப்படிக் கொடுப்பீர்களானால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். 2024 டிசம்பரில் அது 49 பவுண்டு 50 பென்ஸ் ஆனது. அன்பளிப்பு என்று பெயர் வைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஊதியம்தான்.

சான்றிதழுக்குக் காலாவதித் தேதி இல்லை. அது வழங்கப்பட்ட நாளில் இருந்த நிலையைச் சொல்கிறது, அவ்வளவுதான். வழங்கிய தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் அவர்களை அப்டேட் சர்வீஸில் சேரச் சொல்லுங்கள். தொண்டர்களுக்கு அதுவும் இலவசம். பிறகு அவர்களுடைய ஒப்புதலோடு, எப்போது வேண்டுமானாலும் இணையத்தில் நிலையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். 2013 முதல் சான்றிதழ் விண்ணப்பதாரரின் வீட்டுக்கு மட்டுமே போகிறது. ஆகவே மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எண்ணையும் தேதியையும் சோதனையின் வகையையும் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகலெடுத்துக் கோப்பில் அடுக்கி வைப்பது நல்ல வழக்கமல்ல.

மாதம் ஒரு முறை தேநீர் போட வரும் பெற்றோருக்கு என்ஹான்ஸ்ட் சோதனை கேட்கச் சட்டம் உங்களை அனுமதிக்காது. "எல்லோருக்கும் எடுத்துவிடுவோம்" என்பது பாதுகாப்பாகத் தோன்றினாலும் தவறு. ஆனால் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிறு பிள்ளைக்கு வயது காரணமாகக் கழிவறையில் உதவுவதும், உடை மாற்றி விடுவதும், ஒரே ஒரு முறை செய்தாலும் அந்த ஒழுங்குமுறைக்குள் வரும். பாலர் வகுப்புக் குழந்தையைக் கழிவறைக்கு அழைத்துப் போய் உதவுவது யார், ஆண்டு விழாவில் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடன உடை கட்டி விடுவது யார் என்று இன்றே கேட்டுப் பாருங்கள். "யார் கையில் ஓய்வு இருக்கிறதோ அவர்கள்" என்பதே பெரும்பாலான இடங்களில் பதிலாக இருக்கும். அந்தந்தப் பிள்ளையின் தாயோ தந்தையோ செய்யட்டும் என்று விதி வைத்தால் இந்தச் சிக்கலே எழாது.

முதியோர் பற்றி: 2012இல் சட்டம் மாறியபின், ஒருவரைப் பலவீனமானவர் என்று முத்திரை குத்துவதில்லை, அவருக்கு என்ன உதவி செய்யப்படுகிறது என்பதையே பார்க்கிறார்கள். பின்னறையில் சோறு பரிமாறுவதும் தாயம் விளையாடுவதும் சாதாரணத் தொண்டு. குளிக்கவோ கழிவறைக்குப் போகவோ உடல் ரீதியாக உதவுவது, அவர்களுடைய பணத்தைக் கையாள்வது, முதுமையாலோ நோயாலோ தனியே போக முடியாதவர்களை உங்கள் அமைப்பின் சார்பில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஆகியவை ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை. பெரியவர்கள் விஷயத்தில் "வாரம் எத்தனை முறை" என்ற கணக்கே இல்லை. கார் ஓட்டும் தொண்டர்களுக்குப் பெரியவர்களுக்கான சோதனை எடுங்கள்.

சிவபாலன் (ஹரோ)

தம்பி குகன், நான் இந்நாட்டு அரச பாடசாலைகளில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன். நிர்மலா அவர்கள் விதிகளைச் சொல்லிவிட்டார். அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதை நீங்கள் அந்த ஆசிரியரிடம் சொன்னால், அவருடைய மனம் இளகக்கூடும் என்று நம்புகிறேன்.

2002 ஆகஸ்ட் 4ஆம் திகதி, கேம்பிரிட்ஜ்ஷயரில் சோஹம் என்ற சிற்றூரில், ஹொலி, ஜெசிக்கா என்ற பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவன் அவ்வூர் இடைநிலைப் பாடசாலையின் பராமரிப்பாளன் இயன் ஹன்ட்லி. அவனை வேலைக்கு எடுக்குமுன் பொலிஸ் சோதனை நடக்கவே செய்தது. ஆனால் அவன் நிக்சன் என்ற பெயரில் விண்ணப்பித்திருந்தான். பொலிஸாரின் தேசியக் கணினியில் அந்தப் பெயரை மட்டுமே தேடினார்கள், ஹன்ட்லி என்ற பெயரைத் தேடவில்லை. மறுபுறத்தில், 1990களில் ஹம்பர்சைட் பகுதியில் அவன்மீது பாலியல் முறைப்பாடுகள் பல எழுந்திருந்தன; எதிலும் தண்டனை கிடைக்கவில்லை, அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தவர்களும் இல்லை. சேர் மைக்கல் பிச்சார்ட் தலைமையில் நடந்த விசாரணை 2004 ஜூனில் இவற்றையெல்லாம் வெளிக்கொண்டு வந்தது. அதன் விளைவாகவே 2006ஆம் ஆண்டுச் சட்டமும், தடைப் பட்டியலுக்கான தனி அமைப்பும் உருவாகின. 2012 டிசம்பரில் அந்த அமைப்பும் பழைய குற்றப்பதிவு அலுவலகமும் இணைந்து டி.பி.எஸ். ஆயின.

ஒரு பெயர் விடுபட்டதால் வந்த வினையைக் கண்ட பிறகு, எங்கள் சமூகத்தில் பெயர்கள் எழுதப்படும் விதம் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், இலங்கைக் கடவுச்சீட்டில் இன்னொன்று, இங்கே குடியுரிமை பெற்றபோது தகப்பன் பெயர் முன்னுக்கும் சொந்தப் பெயர் பின்னுக்கும் மாறிய மூன்றாவது ஒன்று. திருமணமான பெண்களுக்கு நான்காவது. இவற்றில் எதுவும் ஏமாற்று வேலை அல்ல. ஆனால் விண்ணப்பத்தில் வேறு பெயர்களைக் கேட்கும் இடத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டால், நேர்மையான மனிதருக்கும் அரைகுறைச் சோதனையே நடக்கும். மறைக்க வேண்டியது உள்ளவனுக்கு அதுவே வாசலாகவும் அமையும். ஒவ்வொருவரோடும் பக்கத்தில் இருந்து, எந்த ஆவணத்தில் எந்தப் பெயர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று கேட்டு நிரப்புங்கள். ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைக் குறைக்காதீர்கள்.

இலங்கையிலிருந்து வந்த ஆசிரியையின் விடயத்தில், டி.பி.எஸ். இந்நாட்டுப் பதிவுகளையே பார்க்கும். இங்கே எட்டு மாதமே வாழ்ந்தவருக்கு வெறுமையான சான்றிதழ் வருவது இயல்பு. அது அவருடைய முந்தைய முப்பது ஆண்டுகளைப் பற்றி எதையும் சொல்லாது. இலங்கைப் பொலிஸ் தலைமையகம் வழங்கும் நற்சான்றிதழை அவர் பெற்றுத் தரலாம். ஆனால் அவர் புகலிடம் கோரி வந்தவராயின், தான் தப்பி வந்த அரசிடமே போய்த் தன்னைப் பற்றிச் சான்று கேட்கும்படி நாங்கள் அவரை வற்புறுத்தக் கூடாது. அந்நிலையில் அங்கே அவரோடு கற்பித்தவர்கள், அதிபர், அவருக்கு நடனம் பயிற்றிய குரு ஆகியோரிடம் நீங்களே நேரில் பேசி எழுத்தில் வாங்குங்கள். "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று பொதுவாக எழுதிக் கையில் கொடுத்த கடிதங்களை ஏற்க வேண்டாம். சோஹம் பாடசாலை விட்ட பிழைகளில் அதுவும் ஒன்று.

அருள் (மில்டன் கீன்ஸ்)

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பதினான்கு வயதில், நண்பர்களோடு சேர்ந்து ஒரு கடையில் விளையாட்டுச் சாமான் ஒன்றை எடுத்துப் பிடிபட்டேன். பொலிஸ் நிலையத்தில் கண்டித்து, அப்பாவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 2010இல், இருபது வயதில், பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பயிற்றுவிக்க ஒரு கழகத்தில் விண்ணப்பித்தபோது, அந்தக் கண்டிப்பு சான்றிதழில் அச்சாகி வந்தது. கழகத்தில் எனக்கு எதிராக எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதை மூன்று பேர் வாசித்தார்கள், அவர்களில் ஒருவர் அம்மாவின் தோழி. நான் அந்தக் கழகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அதன் பின் பத்து ஆண்டுகள் எந்தத் தொண்டுக்கும் பெயர் கொடுக்கவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2013இல் பழைய சிறு குற்றங்களை வடிகட்டும் விதிகள் வந்தன. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. 2020 நவம்பர் 28 முதல், சிறுவயதில் பெற்ற கண்டிப்புகளும் எச்சரிக்கைகளும் தானாகச் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. இது எனக்கே மிகத் தாமதமாகத்தான் தெரியவந்தது. படிவத்தைக் கண்டதும் கோபப்படுகிறவர்களுள் சிலர், உண்மையில் பயந்தவர்களாக இருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்தது, குடித்துவிட்டுக் கார் ஓட்டியது, வீட்டுச் சண்டையில் பொலிஸ் வந்தது என்று ஏதோ ஒன்று மனதில் கிடக்கலாம். அவற்றில் எல்லாமே ஒருவரைத் தகுதியற்றவராக்குவதில்லை. ஆகவே படிவத்தைக் கொடுக்குமுன், பழைய பதிவு இருந்தால் யார் வாசிப்பார், எப்படி முடிவெடுப்பார், அது யாருக்கும் போகாமல் எப்படிக் காக்கப்படும் என்பதை எழுத்தில் கொடுங்கள். அத்தகைய கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது டி.பி.எஸ். நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நிர்வாகக் குழு முழுவதும் வாசிக்க வேண்டாம், அண்ணா. ஒருவரோ இருவரோ போதும்.

நிர்மலா (குரோய்டன்)

அருள் எழுதியதைப் படித்து மனம் கனத்துப் போனது. அவர் சொன்னபடியே செய்யுங்கள். சிவபாலன் ஐயா சொன்ன பெயர் விஷயத்துக்காக நான் ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன்: ஆவணம், அதிலுள்ள பெயர், பயன்படுத்திய ஆண்டுகள். நீங்களும் அப்படியே தயாரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். 2009இல் பிளிமத் நகரில் ஒரு மழலையர் காப்பகத்தில் பணியாற்றிய பெண் கைது செய்யப்பட்டார். குழந்தைகளைத் துன்புறுத்திக் கைபேசியில் படம் எடுத்தவர் அவர். அவருடைய சோதனையில் குறை எதுவும் இருக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன் அவர் பிடிபட்டதே இல்லை. சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுகிற இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கதவில் கண்ணாடி இல்லாத அறையில் தனி வகுப்பு வேண்டாம். வகுப்பறைக்குள் கைபேசி எடுக்க வேண்டாம். பிள்ளை ஒன்று வந்து ஏதாவது சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர்மீது முறைப்பாடு வந்தால், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசித் தீர்க்கப் போகாமல், ஒரு வேலை நாளுக்குள் உள்ளூராட்சி மன்றத்தில் இதற்கென நியமிக்கப்பட்டிருக்கும் அதிகாரிக்குத் தெரிவியுங்கள். பிள்ளைக்குத் தீங்கு செய்ததற்காக ஒருவரை விலக்கினால், அல்லது அவர் தானே விலகிக்கொண்டாலும், டி.பி.எஸ்.ஸுக்கு அறிவிப்பது உங்கள் சட்டக் கடமை. "மானம் போகாமல் போகட்டும்" என்று அமைதியாக அனுப்பிவிட்டால், அடுத்த மாதம் அவர் இன்னொரு தமிழ்ப் பள்ளியின் வாசலில் நிற்பார்.

குகன் (மேற்கு லண்டன்)

எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். சிவபாலன் ஐயா எழுதியதை அப்படியே தாளில் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். பிறகு, "அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வயதா?" என்று மட்டும் கேட்டார். தான் கோபப்பட்டது தன்னைச் சந்தேகித்ததற்காக அல்ல, இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைச் செய்யாமல் விட்டுவிட்டு இப்போது திடீரெனக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பட்டியலை வாசித்ததற்காக என்றார். அது என் பிழை. தனித்தனியாகப் பேசியிருக்க வேண்டும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

முதல் விண்ணப்பம் தன்னுடையதாக இருக்கட்டும் என்று அவரே சொன்னார். அலுமாரியிலிருந்து பழைய கோப்பை எடுத்து வந்து, நிர்மலா அக்கா சொன்ன கட்டத்தை நிரப்பத் தொடங்கினோம். இதுவரை நான்கு எழுத்துக்கூட்டல்கள் கிடைத்திருக்கின்றன: பிறப்புப் பதிவில் ஒன்று, ஆசிரியர் நியமனக் கடிதத்தில் ஒன்று, முதல் கடவுச்சீட்டில் ஒன்று, இங்குள்ள கடவுச்சீட்டில் ஒன்று. நடன ஆசிரியைக்குப் புகலிட வழக்கு எதுவும் இல்லை என்பதால், பொலிஸ் நற்சான்றிதழுக்குத் தானே விண்ணப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை அவருடைய வகுப்பில், சான்றிதழ் உள்ள இன்னொரு ஆசிரியை கூடவே இருப்பார். முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதை அடுத்த மாதம் வரை நிறுத்தி வைத்துவிட்டு, அவர்களுடைய பிள்ளைகளிடம் காரணத்தை விளக்கி இன்று தொலைபேசியில் பேசி வருகிறேன்.

ஒரு சிறு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஆசிரியரின் நியமனக் கடிதம் தமிழில் மட்டுமே உள்ளது. அதிலுள்ள பெயரை விண்ணப்பத்தில் ஆங்கில எழுத்தில் நாங்களே எழுதலாமா, அல்லது மொழிபெயர்ப்பாளரின் சான்று வேண்டுமா என்பதை நாளை குடை அமைப்பிடம் கேட்கப் போகிறேன். கேட்டு அறிந்ததை இங்கேயே எழுதுகிறேன்.